ஐயர் சபை மாறினால் அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

கேள்வி, ஜூன் 2

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபை. எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், கத்தோலிக்கத்துக்குப் போகிறார் என்பது உறுதியாகிவிட்டது. மனைவி, பிள்ளைகள் உள்ளவர். என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அவர்தான், என் தங்கை கல்யாணத்தை நடத்திவைத்ததும் அவர்தான். அதெல்லாம் செல்லுமா? அங்கே போய் அவர் சாமியார், அதாவது கத்தோலிக்கக் குரு, ஆக முடியுமா? சபையில் பாதிப்பேர் அவரைத் துரோகி என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், ஜூன் 2, இரவு

செல்லும். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்த ஞானஸ்நானம், கொடுத்தவர் நாளைக்கு எங்கே போனாலும் நிற்கும். இந்தச் சண்டை ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவிலேயே நடந்து தீர்ந்தது. குரு கெட்டுப்போனால் அவர் கொடுத்ததும் கெட்டது என்று தொனாத்துஸ் கட்சியார் சொன்னார்கள். அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுப்பவர் கிறிஸ்து, குருவுடையது வெறும் கை. லுத்தரன்களின் 1530-ம் வருஷத்து விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கை எட்டாம் பிரிவில் இதையே சொல்கிறது, ரோமில் உள்ள கத்தோலிக்கத் தலைமையும் இதையே சொல்கிறது. உங்கள் மகனே பிற்பாடு கத்தோலிக்கன் ஆனாலும் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

தங்கை கல்யாணமும் அப்படித்தான். 1872-ம் வருஷத்து கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நடந்து பதிவேட்டில் ஏறியது, நடத்திவைத்தவர் சபை மாறியதால் கலையாது.

துரோகி என்ற வார்த்தைக்கு நாளைக்கு வருகிறேன். என் தாய்மாமா இதே பாதையில் எதிர்த்திசையில் நடந்தவர்.

ஜூன் 3

சாமியார் ஆக முடியுமா என்ற கேள்விக்கு முதலில் பதில். அவர் கத்தோலிக்கராகச் சேரும்போது ஞானஸ்நானம் ஏற்கப்படும், உறுதிபூசுதல் என்ற சடங்கைக் கொடுப்பார்கள். ஆனால் அவருடைய குருப்பட்டத்தை ரோம் குருப்பட்டமாக எடுத்துக்கொள்ளாது. பெஞ்சில்தான் உட்கார வேண்டும். மறுபடி பீடத்தில் நிற்க வேண்டுமானால் புதிதாகப் பட்டம் வாங்க வேண்டும், மனைவி இருப்பதால் அதற்குப் பாப்பரசரின் தனி அனுமதி வேண்டும். 2009-ல் அப்போதைய பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட், இங்கிலாந்துச் சபை வழிவந்த ஆங்கிலிக்கன்களுக்கென்று ஒரு ஏற்பாடு செய்தார். அதன்படி அமைந்த மூன்று தனி அமைப்புகளும் இங்கிலாந்து, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம். நம் பக்கத்து லுத்தரன் ஐயருக்கு அந்தக் கதவு இல்லை.

ஆக உங்கள் ஐயர் பட்டத்தையும் சம்பளத்தையும் சபை கொடுத்த பங்களாவையும் விட்டுவிட்டுப் போகிறார். ஆதாயத்துக்குப் போகிறவர் இப்படிப் போக மாட்டார். துரோகி என்று சொல்கிறவர்களிடம் இதை மட்டும் கேளுங்கள்: அவருக்கு அங்கே என்ன கிடைக்கப்போகிறது?

இனி மாமா கதை. அம்மா வழியில் நாங்கள் கத்தோலிக்கர்கள். கொள்ளிடத்துக்குத் தென்கரையில் ஊர், ஆற்றுக்கு அக்கரையில் ஏலாக்குறிச்சி. மாமா செமினரிக்குப் போய் அறுபதுகளில் பட்டம் வாங்கினார். முதல் பூசைக்கு ஊரே பந்தல் போட்டது என்று பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு அது நானே பார்த்ததுபோல் ஆகிவிட்டது. எழுபதுகளில் அவர் பங்குக் குரு வேலையை விட்டார். கொஞ்ச காலம் ஒரு பள்ளியில் பாடம் சொன்னார், அப்புறம் லுத்தரன் சபையில் சேர்ந்தார். அவர்கள் உடனே அவரைப் பீடத்தில் ஏற்றவில்லை. ஞானோபதேசம் என்ற அடிப்படைப் பாடத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். கடைசியில் கடற்கரை ஓரமாக ஒரு சேகரத்தில், அதாவது சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டத்தில், ஐயராக வைத்தார்கள்.

இரண்டாவது பட்டம் கொடுக்கவில்லை. லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரே 1507-ல் எர்ஃபுர்ட்டில் கத்தோலிக்கக் குருவாகப் பட்டம் வாங்கியவர், அதற்குப்பிறகு அவரும் வேறு பட்டம் வாங்கவில்லை. ஒரு வரவேற்பு ஆராதனை, கை வைத்து ஜெபம், அவ்வளவுதான்.

ஜூன் 3, கொஞ்ச நேரம் கழித்து

மன்னார்குடிக்காரர் ஒருவர் "பொண்ணு விஷயமாத்தான் இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். மாமா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லுத்தரன் பக்கத்தில் அதுவே ஒரு சங்கடம். ஐயரம்மா இல்லாத பங்களாவை அந்தச் சபை பார்த்ததே இல்லை. பெண்கள் சங்கத்தை யார் நடத்துவது, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ் பாட்டு யார் சொல்லித்தருவது, பிரசங்கத்துக்கு வரும் விருந்தாளிக்கு யார் சோறு போடுவது? ஒரு பாட்டியம்மா நேராகவே வந்து பெண் பார்க்கட்டுமா என்று கேட்டார். மாமா சிரித்துவிட்டு, "நான் அங்க ஆண்டவருக்குச் சொன்ன வார்த்தை இது. சபைதான் மாறியிருக்கேன், வார்த்தை மாறலை" என்றார். பாட்டியம்மா அதற்குப்பிறகு தன் வீட்டிலிருந்து மத்தியானச் சாப்பாடு அனுப்ப ஆரம்பித்தார்.

ஜூன் 7

"இந்தத் தாவல் எல்லாம் இப்போ வந்த வியாதி, அந்தக் காலத்தில் இல்லை" என்கிறார் ஒருவர். டெல்டாவில் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்?

லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலை 9. 1715-க்குள் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்துவிட்டார்கள். அதை வாங்கிப் படித்துவிட்டுத் தஞ்சாவூர் ராஜாவின் படையில் சேர்வைக்காரர் பதவியில் இருந்த ராஜநாயக்கன் என்ற கத்தோலிக்கர் 1720-களின் கடைசியில் லுத்தரன் பக்கம் வந்து உபதேசியார், அதாவது பட்டம் வாங்காத ஊழியர், ஆனார். அதே காலத்தில் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு வீரமாமுனிவர் லுத்தரன்களை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார். தேம்பாவணி பாடிய அதே கைதான். எங்கள் பாட்டிவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மாமாவின் இரண்டு சபைகளும் சண்டை போட்ட இடம் ஒரு ஆறு தள்ளி.

வேதநாயகம் சாஸ்திரியாரின் தகப்பனார் முதலில் சேர்ந்தது கத்தோலிக்கத்தில். மகன் தஞ்சாவூரில் லுத்தரன் மிஷனரியான ஷுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து சுவிசேஷக் கவிராயர் ஆனார். வெள்ளைக்காரர்களும் மாறினார்கள். கால்டுவெல் இந்தியாவுக்கு வந்தது ஆங்கிலிக்கன் அல்லாத லண்டன் மிஷன் ஆளாக. 1841-ல் சென்னையிலிருந்து நடையாகவே கிளம்பித் தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர் எல்லாம் பார்த்துக்கொண்டு நீலகிரி ஏறி, அங்கே ஆங்கிலிக்கன் பிஷப்பிடம் பட்டம் வாங்கினார். ஜி.யு. போப் வெஸ்லியனாக வந்து ஆங்கிலிக்கன் ஆனவர். இவர்களை யாரும் துரோகி என்பதில்லை, சென்னைக் கடற்கரையில் சிலை வைத்திருக்கிறோம்.

ஜூன் 9

"குருவுடையது வெறும் கை" என்று முதல்நாள் எழுதினேன். அந்த வரியைவிட்டு என்னால் நகர முடியவில்லை. இறையியலில் அது சரி. ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. ஊர் பார்ப்பதே எந்தக் கை என்றுதான்.

ராஜநாயக்கன் கதையின் மீதியைக் கேளுங்கள். தரங்கம்பாடியில் ஆரோன் 1733-ல் பட்டம் வாங்கினார். இந்தியாவில் முதல் புராட்டஸ்டன்ட் சுதேசக் குரு அவர்தான், வேளாளர். 1741-ல் இரண்டாவது ஆளுக்கு இடம் வந்தது. ராஜநாயக்கன் பல வருஷம் தஞ்சாவூர் பக்கம் அடியும் உதையும் பட்டு ஊழியம் செய்தவர், தகுதியில் குறையே இல்லை. ஆனால் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையிலிருந்து மற்றவர்கள் ராப்போஜனம், அதாவது ஆராதனையில் தரும் அப்பமும் ரசமும், வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். பட்டம் தியோகு என்ற இன்னொருவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான்.

ரோமாபுரியிலிருந்து லுத்தரின் ஊரான விட்டன்பர்க்குக்குத் தாண்ட முடிந்தது அவரால், ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நூறு வருஷம் கழித்தும் அதே கதை. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது, இன்றோடு விடுங்கள் என்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர் சபை கொந்தளித்தது. சேர்ந்து உட்கார மாட்டோம், ஒரே பாத்திரத்தில் வாங்க மாட்டோம் என்று ஒரு கூட்டம் வெளியேறியது. சாஸ்திரியார் அவ்வளவு பெரிய கவிராயர், அவரும் அந்தப் பக்கம்தான் நின்றார். 1840-களில் ஜெர்மன் லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் தரங்கம்பாடிக்கு வந்ததும் வெளியே நின்றவர்களில் பலர் அங்கே சேர்ந்தார்கள். வேதத்தில் என்ன வேறுபாடு என்று பார்த்தா மாறினார்கள்? பாயையும் பாத்திரத்தையும் பார்த்து மாறினார்கள். கத்தோலிக்கப் பக்கம் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. தனித்தனிக் கல்லறை இருந்த ஊர்கள் எங்கள் பக்கமும் உண்டு.

மாமா புதுச் சபைக்குப் போனபோது அவரிடம் கேட்ட முதல் கேள்வி மரியாளைப் பற்றியோ பாப்பரசரைப் பற்றியோ இல்லை. "ஐயா, நீங்க என்ன ஆளுங்க?" பதில் சொல்ல மாட்டேன் என்று உறுதியாக நின்றார். நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ராப்போஜனத்துக்குச் சிலர் எழுந்துவராமலே இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருவார்கள், கீர்த்தனை பாடுவார்கள், அப்பம் கொடுக்கும் நேரத்தில் பெஞ்சிலேயே இருந்துவிடுவார்கள். மாமா அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் வீட்டில் காய்ச்சல் என்றால் முதலில் போய் நின்றார். ஒரு பெரிய வெள்ளிக்கிழமையில் அந்த வரிசையிலிருந்த ஒரு மனிதர் எழுந்து வந்து முழங்கால் போட்டார், பின்னாலேயே அவர் மனைவி. அன்றைக்குத்தான் தனக்கு அங்கே பட்டம் கிடைத்தது என்று மாமா என்னிடம் சொன்னார்.

ஜூன் 10

இல்லை, அவர் சாதியை நான் இங்கே எழுத மாட்டேன். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஜூன் 18

பெந்தேகோஸ்தே பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே போகிற ஐயர்மார் மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறார்கள், குழந்தை ஞானஸ்நானத்தை அவர்கள் ஏற்பதில்லை. எங்கள் உறவில் ஒருவர் எடுத்தார். மேட்டூர் திறந்து வீரசோழனாற்றில் இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு நாள் குறித்தார்கள். அவருடைய அம்மா கரையில் நின்று அழுதது எனக்கு மறக்காது. "நான் உனக்குக் கொடுக்க வெச்சது பொய்யாடா?" என்று கேட்டார். முழுக்கு எடுத்தவருடைய சந்தோஷமும் பொய் இல்லை, அதையும் பார்த்தேன். ஆனால் அந்த அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். மாமா விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஞானஸ்நானம் என்று இருந்ததால்தான் பாட்டி உடைந்துபோகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஜூலை 5

இரண்டு சபை ஊழியமும் ஒரே ஆளில் எப்படி இருக்கும் என்று சீர்காழி அண்ணன் கேட்டதற்கு, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி மழை. தரங்கம்பாடிப் பக்கம் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியது, பஸ் இல்லை. விடுமுறைக்கு மாமா பங்களாவில் இருந்தேன். ராத்திரி ஒரு பையன் நனைந்துகொண்டு ஓடிவந்தான். அவன் தாத்தா, கத்தோலிக்கர், கடலுக்குப் போய் வந்து ஓய்ந்த மனிதர், மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, பங்குச் சாமியார் வர வழியில்லை. பெரியவருக்கு மாமா முன்னால் யார் என்று தெரிந்திருக்கிறது. "அந்தச் சாமியைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மாமா அங்கி எதுவும் எடுக்கவில்லை. குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கிளம்பினார், நான் பின்னால். ஓட்டு வீடு, அடுப்புப் பக்கம் கட்டில், காலடியில் ஒழுகலுக்கு ஒரு அண்டா. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார். தாழ்வாரத்தில் நின்றோம். பெரியவர் பேசியது மழையில் கேட்கவில்லை. கடைசியில் மாமா குரல் மட்டும் கேட்டது: "ஏகோ தே அப்சோல்வோ." உனக்குப் பாவமன்னிப்புத் தருகிறேன் என்று அர்த்தம், செமினரியில் படித்த லத்தீன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் நடந்ததைச் சொன்னார். சாமியார் கோபிக்கவில்லை. பட்டம் வாங்கியவர் எங்கே போனாலும் சாகும் நிலையில் இருப்பவருக்குப் பாவமன்னிப்புக் கொடுக்கலாம், சட்டமே அப்படித்தான் என்றார். பிற்பாடு நானே படித்துப் பார்த்தேன்: 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், 976-ம் விதி. லுத்தரன் பக்கமும் தடை இல்லை, தனிப்பட்ட பாவ அறிக்கையை விட்டுவிடக் கூடாது என்று ஆக்ஸ்பர்க் அறிக்கையின் பதினொன்றாம் பிரிவே சொல்கிறது. ஆக அந்த ராத்திரி அவர் எந்தச் சபையின் விதியையும் மீறவில்லை. சபைக் கமிட்டியில் மட்டும் இரண்டு மாதம் அந்தப் பேச்சு ஓடியது.

ஜூலை 6

எந்தப் பக்கம் உண்மை என்று மட்டும் சொல்லு, கதை வேண்டாம் என்கிறார் ஒருவர். நான் இன்றும் கத்தோலிக்கன், மாதாவிடம் வேண்டிக்கொள்கிறவன். மாமா போனது எனக்கு இழப்புதான், மழுப்பவில்லை. ஆனால் அவர் போகாமலே உள்ளே பொய்யாக நின்றிருந்தால் அது பெரிய இழப்பு.

அவர் எதற்காகப் போனார் என்றால், புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய ரோமர் நிருபம். விசுவாசத்தினால் நீதிமான் ஆவது. அதை அவரால் பிரசங்க மேடையில் அடக்கிவாசிக்க முடியவில்லை. பிற்பாடு 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்கிலேயே லுத்தரன் உலக சங்கமும் வத்திக்கானும் இதே விஷயத்தில் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், இதில் ஒருவர்மேல் ஒருவர் போட்ட பழைய சாபம் இப்போதைய போதனையைத் தொடாது என்று. மாமா அப்போது ஓய்வில் இருந்தார். "அப்போ நீங்க போயிருக்கவே வேண்டாமே மாமா" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அது வலிக்கவில்லை. அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து வரச்சொல்லி, கோடு போட்டுப் படித்து, செமினரியில் கூடப்படித்த ஒரு சாமியாருக்குத் தபாலில் அனுப்பினார். இருபது வருஷமாகப் பேசாமல் இருந்த இருவரும் அதற்குப்பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 21

தென்னிந்தியத் திருச்சபையில் எப்படி என்று கேட்டவருக்கு: 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் எல்லாம் சேர்ந்தபோது, பிஷப் கையால் பட்டம் வாங்காத ஐயர்மாரையும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் வருகிறவர்களுக்குத்தான் பிஷப் கை என்று முடிவு. இங்கிலாந்தில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. ஒருவரையும் கீழே இறக்காமல் சேர்த்துக்கொண்டதில் எனக்கு அந்த முடிவுமேல் பெரிய மரியாதை. லுத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை.

ஆகஸ்ட் 30

வேளாங்கண்ணிக் கொடி ஏறிவிட்டது. காவி கட்டிக்கொண்டு நடக்கிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க. மாமா ஐயராக இருந்த காலம் முழுவதும் இந்த நாட்களில் பங்களா வாசலில் பானையில் மோரும் தண்ணீரும் வைப்பார். லுத்தரன் ஐயர் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மோர் ஊற்றலாமா என்று மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. விசாரிக்க வந்தவர் வெயிலில் வந்த களைப்பில் அதே மோரைக் குடித்துவிட்டுப் போனார். இன்றைக்கு அந்தப் பக்கம் போனேன், பங்களா வாசலில் இப்போதும் யாரோ பானை வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டு எழுதுகிறேன்.

செப்டம்பர் 12

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஐயர் அடுத்த மாதம் பங்களாவைக் காலி செய்கிறாராம். சபை சார்பில் வழியனுப்பு விழா வேண்டாம் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டதாம். தான் தனியாகப் போய்ப் பார்த்தால் தப்பாகுமா என்று கேட்கிறார்.

போங்கள். இன்றைக்கே போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ஐயரம்மாவிடம் இந்த மாதங்களில் யாராவது உட்கார்ந்து பேசியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். முடிவு அவருடையது, வீட்டை இழப்பது அந்த அம்மாவும் பிள்ளைகளும். அரையாண்டுப் பரீட்சைவரை பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்க வழி இருக்கிறதா, வாடகைக்கு வீடு பார்த்தாயிற்றா, முன்பணம் இருக்கிறதா என்று கேளுங்கள். மாமா பங்கைவிட்டு வந்த அன்று ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் சோறு போட்டாள். அவர் தனி ஆள், சமாளித்தார். இவருக்குக் குடும்பம் இருக்கிறது.

பொறையாரில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் டாடா ஏஸ் இருக்கிறது, நாள் சொன்னால் பேசிவிடுகிறேன். டீசல் செலவு என்னுடையது.